கோல் அடிக்காத பையன்

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 19 வயது. எங்கள் தோட்டத்துக் குழுவில் மத்தியத் திடல் ஆட்டக்காரன். விசில் ஊதும்வரை ஓடுவான், ஆனால் கோல் அடிப்பதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. மாநிலத் தேர்வுக்கு இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டான். "போதும் சித்தப்பா, பூட்ஸை விற்றுவிடுகிறேன்" என்கிறான். என்ன சொல்வது?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பழைய பூட்ஸுக்கு என்ன பெரிய விலை கிடைத்துவிடும், வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிரஹாம் அலெக்சாண்டர் என்ற பெயரை உங்கள் ஊர் ஒட்டுக்கடையில் சொன்னால் யாருக்கும் தெரியாது. 1971-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்த காற்பந்து ஆட்டக்காரர். நான்காம் அடுக்கில் கிடந்த ஸ்கன்தோர்ப் குழுவில் மத்தியத் திடலில் தொடங்கி, லூட்டன், பிரஸ்டன் என்று மாறி மாறி ஆடினார். முதல் அடுக்கான பிரிமியர் லீக் மட்டும் எட்டவில்லை. 2001-இல் பிரஸ்டன் வாசல் வரை வந்து, கடைசி ஆட்டத்தில் போல்டனிடம் 3-0 என்று தோற்றது.

35 வயதில், மற்றவர்கள் ஓய்வு பெறுகிற நேரத்தில், பர்ன்லி அவரை வாங்கியது. 2008-09 சீசனில் அந்தக் குழு 61 ஆட்டங்கள் ஆடி, மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளேஆஃப் இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்று மேலே ஏறியது. 2009 ஆகஸ்டில் பிரிமியர் லீக்கில் கால் வைத்தபோது அலெக்சாண்டருக்கு 37 வயது. அந்த வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தே தாரே ஆறிப்போக, பர்ன்லி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் "யாருய்யா இந்தத் தாத்தா?" என்றார். தாத்தா தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தை வெட்டி, பத்தடி தள்ளி நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கே வந்தார். அவ்வளவுதான் அவர் வேலை, டிவிக்காரன் அதை ரீப்ளே போடமாட்டான்.

ஆனால் ஓடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. வலது தற்காப்பிலும் ஆடத் தெரியும், பெனால்டி அடிப்பதில் பேர்போனவர். எந்தப் பயிற்றுநருக்கும் அவரை வெளியே உட்காரவைக்க மனசு வராது. 2011 ஏப்ரலில் 1000-ஆவது ஆட்டத்தைத் தொட்டார்.

பையனுக்கும் இதைத்தான் சொல்வேன். இன்னொரு இடத்திலும் ஆடப் பழகட்டும். பயிற்சி முடிந்தபின் தினம் 20 ஃப்ரீகிக் அடிக்கட்டும், செம்பனைக்குள் போகிற பந்தை நீங்கள் பொறுக்கிப் போடுங்கள். ஆட்டத்தைக் கைப்பேசியில் எடுத்து, எத்தனை பந்தைப் பிடுங்கினான், அதில் எத்தனை நம் ஆளிடம் போனது என்று எண்ணிப் பாருங்கள். பாதி எதிரிக்கே போயிருந்தால் தேர்வாளரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

கேள்வி: அலெக்சாண்டர் கடைசியில் என்ன ஆனார்?
- அதே வாசகர்

பதில்: கேட்பீர்கள் என்று தெரியும். 2012 ஏப்ரலில், 40 வயதில், பிரஸ்டனுக்காகக் கடைசி ஆட்டம், எதிரே சார்ல்டன். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் ஒரு ஃப்ரீகிக் கிடைத்தது. அவரே அடித்தார், உள்ளே போனது, ஆட்டம் 2-2. அப்புறம் பயிற்றுநராகிவிட்டார்.