கணிப்புச் சந்தையில் முடிவு தகராறானால்: கேள்வி – பதில்

ஒரு நிகழ்வு நடக்குமா நடக்காதா என்று ‘ஆம்’, ‘இல்லை’ பங்குகளை வாங்கி விற்கும் இடம் கணிப்புச் சந்தை; விடை சரியானால் அந்தப் பங்குக்குப் பணம் கிடைக்கும். பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில்) இயங்கும் கணிப்புச் சந்தைகளில், முடிவு தகராறாகிப் பணம் சிக்கிக்கொண்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

பாலிமார்க்கெட் என்ற கணிப்புச் சந்தைத் தளத்தில் ‘ஆம்’ பங்கு வைத்திருக்கிறேன். நிகழ்வு நடந்து இரண்டு நாளாகிவிட்டது. சந்தையோ இன்னும் தகராறில் இருப்பதாகவே காட்டுகிறது. யார் முடிவு செய்கிறார்கள்? எத்தனை நாள் ஆகும்?

பெரும்பாலான சந்தைகளில் முடிவு செய்வது யூமா என்ற ஆரக்கிள், அதாவது வெளியுலக முடிவைப் பிளாக்செயினுக்குத் தெரிவிக்கும் அமைப்பு. பணத்தைத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்கு வெளியுலகில் நடப்பது தானாகத் தெரியாது. யாராவது வந்து சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் சொன்னவருக்குக் கை சுட வேண்டும். யூமாவின் அடிப்படை அவ்வளவுதான்.

முதலில் ஒருவர் பிணைத்தொகை கட்டி (வழக்கமாக 750 யூஎஸ்டிசி, அதாவது டாலர் மதிப்புள்ள டிஜிட்டல் நாணயம்) ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முன்மொழிவார். அதிலிருந்து 2 மணி நேரம் கடிகாரம் ஓடும். அதற்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே முடிவு. பெரும்பாலான சந்தைகள் இப்படிச் சத்தமில்லாமல் முடிந்துவிடுகின்றன. யாராவது அதே அளவு பிணை கட்டி ஆட்சேபித்தால், பாலிமார்க்கெட்டின் கான்ட்ராக்ட் அந்த முன்மொழிவை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒரு முறை கேட்கும். விளையாட்டாகவோ வேண்டுமென்றோ எழுப்பும் ஒற்றை ஆட்சேபம் சந்தையை நாள்கணக்கில் முடக்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இரண்டாவது முன்மொழிவும் ஆட்சேபிக்கப்பட்டால்தான் விஷயம் யூமா டோக்கன் (வாக்குரிமை தரும் டிஜிட்டல் நாணயம்) வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்புக்குப் போகும்.

வாக்கெடுப்பு ஒரு சுற்றுக்கு 48 மணி நேரம். முதல் 24 மணி நேரத்தில் வாக்கை மறைகுறியாக்கிப் போடுவார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் அதைத் திறந்து காட்டுவார்கள். மற்றவர் வாக்கைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. உங்கள் தகராறு ஒரு சுற்றின் நடுவில் வந்து சேர்ந்தால் அடுத்த சுற்று தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே 2 முதல் 4 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 50 லட்சம் டோக்கன் வாக்களிக்க வேண்டும், ஒரே விடைக்கு 65% சேர வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். இந்த நாட்களில் வணிகம் நிற்பதில்லை. காத்திருக்க முடியாது என்றால் பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம். தகராறு நேரத்து விலை கொஞ்சம் அடிவாங்கியே இருக்கும்.

முன்மொழிந்த முடிவு தவறு என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. 750 கட்டி நானே ஆட்சேபிக்கலாமா?

2025 ஆகஸ்டிலிருந்து பாலிமார்க்கெட் சந்தைகளில் முன்மொழிவது அனுமதி பெற்ற முகவரிகளுக்கு மட்டும்தான். ஆட்சேபிக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஜெயித்தால் உங்கள் பிணை திரும்ப வரும், எதிராளி பிணையில் பாதி, அதாவது 375, கூடுதலாகக் கிடைக்கும். மீதிப் பாதி யூமாவுக்குப் போகும். தோற்றால் 750-ம் போய்விடும். ஆக, ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தால்தான் ஆட்சேபம் தன்னளவில் கட்டுப்படியாகும். கையில் பெரிய அளவு பங்கு இருந்தால் கணக்கு மாறும். அப்போது 750 என்பது காப்பீட்டுப் பிரீமியம் மாதிரி.

ஆட்சேபத்துக்கு மிக வலுவான காரணம் பல சமயம் ‘முடிவு தவறு’ என்பதாக இருக்காது, ‘இன்னும் நேரமாகவில்லை’ என்பதாகவே இருக்கும். வாக்காளர்களுக்கு நான்கு விடைகள் உண்டு: இல்லை, ஆம், பாதிக்குப் பாதி, காலத்துக்கு முந்தியது. காலக்கெடு இன்று நள்ளிரவு என்றிருக்க, நடக்க வழியே இல்லை என்று நினைத்து மாலையிலேயே ‘இல்லை’ என்று முன்மொழிபவர், கடைசியில் ‘இல்லை’ என்பதே சரியாக இருந்தாலும் பிணையை இழக்கக்கூடும்.

நடந்தது ஊருக்கே தெரியும். அப்புறமும் எப்படித் தகராறு வருகிறது?

வாக்காளர்கள் பார்ப்பது சந்தையின் விதிமுறை வாசகத்தை. உலகத்தில் என்ன நடந்தது என்பது அடுத்தபடி. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பணம் போடுபவர்கள் தோற்பது இங்கேதான்.

2023 ஜூனில் டைட்டன் நீர்மூழ்கி காணாமல் போனபோது, 23-ம் தேதிக்குள் அது கண்டுபிடிக்கப்படுமா என்று ஒரு சந்தை ஓடியது. மீட்க வேண்டியதில்லை, கண்டுபிடித்தால் போதும் என்றது விதிமுறை. கூடவே இன்னொரு வரி: துண்டுகள் மட்டும் கிடைத்து, பயணிகள் இருந்த அறை கிடைக்காவிட்டால் ‘ஆம்’ ஆகாது. 22-ம் தேதி அமெரிக்கக் கடலோரக் காவல்படை சிதறல்களைக் கண்டதாக அறிவித்தது: வால்பகுதிக் கூம்பு, அழுத்தக் கூட்டின் முன்மூடி, பின்மூடி. உள்நோக்கி நொறுங்கிப்போன ஒரு கலத்தில் ‘அறை’ என்பது எது? மூடி அறையில் சேர்த்தியா? தகராறு முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. கடைசியில் ‘ஆம்’ என்று முடிந்தது.

2024 ஜூலை வெனிசுலா தேர்தலில் வேறு சிக்கல். முடிவுக்கான முதன்மை ஆதாரம் அந்நாட்டின் அதிகாரபூர்வத் தகவல் என்றும், நம்பகமான செய்திகளின் ஒருமித்த கருத்தும் போதும் என்றும் விதிமுறை ஒரே மூச்சில் சொன்னது. தேர்தல் ஆணையம் அப்போதைய அதிபர் மதுரோவை வெற்றியாளராக அறிவித்தது. எதிர்க்கட்சி வெளியிட்ட வாக்குச்சாவடித் தாள்கள் அதன் வேட்பாளர் கோன்சாலஸ் பக்கம் நின்றன. யூமா வாக்கெடுப்பு கோன்சாலஸுக்குப் போனது. இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் எது மேல் என்று ஒரு வரி எழுதியிருந்தால், வாக்காளர்கள் அரசியல் தீர்ப்பு சொல்லும் நிலையே வந்திருக்காது.

தேதியும் கவிழ்க்கும். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்குப் பின் கீழவை யார் கட்டுப்பாட்டில் என்று அகுர் என்ற இன்னொரு கணிப்புச் சந்தைத் தளத்தில் ஒரு சந்தை. முடிவுத் தேதி டிசம்பரில். ஜனநாயகக் கட்சி ஜெயித்தது நவம்பரில். புதிய அவை கூடியதோ 2019 ஜனவரி 3. முடிவுத் தேதியில் அவை சட்டப்படி இன்னும் குடியரசுக் கட்சியின் கையில்!

2025-ல் ஜெலன்ஸ்கி ஜூலைக்கு முன் ‘சூட்’ அணிவாரா என்ற சந்தையில் 20 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. நேட்டோ மாநாட்டுக்கு அவர் அணிந்து வந்த கறுப்பு உடையைப் பல செய்தி நிறுவனங்கள் சூட் என்றே எழுதின. சந்தை ‘இல்லை’ என்று முடிந்தது. வரையறை எழுதாத சொல்லுக்கு வாக்காளர்கள் என்ன அர்த்தம் கொடுப்பார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

டோக்கனுக்கு ஒரு வாக்கு என்றால், பணம் உள்ளவர் தீர்ப்பை வாங்கிவிடலாமே?

வாங்க முடியும் என்ற பயம் நியாயமானது. 2025 மார்ச்சில், அமெரிக்கா–உக்ரைன் கனிம ஒப்பந்தம் குறித்த சுமார் 70 லட்சம் டாலர் சந்தை, ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே ‘ஆம்’ என்று முடிந்தது. ஒரே ஆள் மூன்று கணக்குகள் வழியாகச் சுமார் 50 லட்சம் டோக்கனை, பதிவான வாக்குகளில் கால் பங்கை, போட்டதாகச் செய்தி வந்தது. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று பாலிமார்க்கெட் சொல்லிவிட்டது.

யூமாவில் தவறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விட்டாலோ அடகு வைத்த டோக்கனில் 0.1% வெட்டி, சரியாக வாக்களித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சோம்பேறி வாக்காளரைத் தட்டி எழுப்ப இது போதும். சந்தையிலேயே பெரிய பங்கு வைத்திருப்பவரைத் தடுக்க இந்த அபராதம் போதாது என்பதே எங்கள் கருத்து. ‘சரி’ என்பது பெரும்பான்மை சொன்னதுதான் என்பதால், பெரிய கை எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்து அந்தப் பக்கமே மற்றவர்களும் வாக்களிக்கும் ஆபத்தும் உண்டு.

அகுர் இதற்கு வேறு பாதுகாப்பு வைத்தது. அங்கே ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பிணை ஏறிக்கொண்டே போகும். இதுவரை எல்லா விடைகளிலும் சேர்ந்த தொகையை இரண்டால் பெருக்கி, நீங்கள் ஆதரிக்கும் விடையில் ஏற்கெனவே உள்ள தொகையின் மூன்று மடங்கைக் கழித்தால் வருவதே கட்ட வேண்டிய பிணை. ‘ஆம்’ மீது 10 ரெப் டோக்கன் (அகுரின் நாணயம்) இருந்தால் ‘இல்லை’க்கு 20 வேண்டும். மறுபடி ‘ஆம்’ ஆக்க 30. மறுபடி ‘இல்லை’ ஆக்க 60. அத்துடன் நின்றால் ‘இல்லை’யில் 80, ‘ஆம்’மில் 40. தோற்ற 40-ல் ஐந்தில் ஒரு பங்கை எரித்துவிட்டு, மீதி 32-ஐ ஜெயித்த 80-க்குப் பிரிப்பார்கள்: சரியாக 40% லாபம். உண்மை பக்கம் நிற்பவருக்குக் கடைசிவரை ஏலம் கேட்கத் தெம்பு தருவது இந்த 40%தான். பிணை மொத்த ரெப்பில் 2.5%-ஐத் தொட்டால் அமைப்பே விடைக்கொரு கிளையாகப் பிரியும். ஒவ்வொருவரும் தன் டோக்கனை எந்தக் கிளைக்குக் கொண்டுபோவது என்று 60 நாளில் தேர்ந்தெடுக்க வேண்டும். பொய்க் கிளையில் சேர்ந்த டோக்கனை யாரும் சீந்தமாட்டார்கள் என்பதுதான் கணக்கு.

ரியாலிட்டி.ஈத், கிளெரோஸ் சேர்ந்து இயங்கும் சந்தைகளில் கவனிக்க வேண்டியது என்ன?

கடிகாரம். ரியாலிட்டி.ஈத் என்பது பிணை கட்டி விடை சொல்லும் ஆரக்கிள்; கிளெரோஸ் என்பது நடுவர்கள் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு. ரியாலிட்டி.ஈத்-தில் எதிர் விடை சொல்பவர் முந்தைய பிணையின் இரு மடங்காவது கட்ட வேண்டும். ஒவ்வொரு புது விடைக்கும் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு முடியும் தறுவாயில் தப்பான விடையைப் போட்டுவிட்டு, யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அதற்கு மருந்து அறிவிப்பு வைத்துக்கொள்வதுதான். ஏலம் கைமீறினால் கட்டணம் கட்டிக் கிளெரோஸ் நடுவர்களிடம் போகலாம். மேல்முறையீட்டில் நடுவர் எண்ணிக்கை இரட்டிப்பாகி ஒன்று கூடும்: 3, 7, 15 என்று போகும், கட்டணமும் அதோடு ஏறும்.

‘பாதிக்குப் பாதி’ என்று முடிந்தால்?

‘ஆம்’, ‘இல்லை’ இரண்டு பங்குக்கும் தலா 0.50 டாலர். 0.90-க்கு வாங்கியவருக்கு 0.40 நஷ்டம், 0.10-க்கு வாங்கியவருக்கு 0.40 லாபம். வாங்கிய விலை திரும்ப வரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி வராது.

நான் ஒரு சந்தை உருவாக்கப் போகிறேன். தகராறு வராமல் கேள்வியை எப்படி எழுதுவது?

வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். ‘ஒப்பந்தம் ஏற்படுமா’ என்றால் அறிவித்தது, கையெழுத்திட்டது, நடைமுறைக்கு வந்தது மூன்றுமே அதில் அடங்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். கெடுவை நாள், மணி, நேர மண்டலத்தோடு எழுதுங்கள். நிகழ்வுக்கு ஒரு கெடு, அதை உறுதிசெய்யும் செய்தி வருவதற்கு இன்னொரு கெடு என்று இரண்டு தேவை. முதன்மை ஆதாரம் ஒன்று, அது மௌனமாக இருந்தால் மாற்று ஒன்று, இரண்டும் மோதினால் எது மேல் என்று ஒரு வரி. ஆதாரம் பின்னால் தன் எண்ணைத் திருத்தினால் முதல் வெளியீடா, திருத்தியதா என்றும் சொல்லுங்கள். நிகழ்வு ரத்தானால், தள்ளிப்போனால் என்ன விடை என்று எழுத மறக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் எதிர்த் தரப்பில் பணம் போட்டவர் கண்ணோடு ஒரு முறை படியுங்கள். எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார் என்று உடனே தெரியும். சந்தை திறந்த பிறகு விளக்கம் சேர்ப்பதாக இருந்தால் அதையும் பிளாக்செயினிலேயே, தகராறு எழுவதற்கு முன்பே பதிவிடுங்கள். விலை ஒரு பக்கம் சாய்ந்த பிறகு வரும் விளக்கம் அதுவே புதுத் தகராறைக் கிளப்பும்.