ஜெராக்ஸ் மிஷினா, தையல் மிஷினா?

கேள்வி: திருபுவனம் பக்கத்துல ஆறு வருஷமா டெய்லரிங் கடை வச்சிருக்கேன். வருமானம் பத்தலன்னு ஜெராக்ஸ், ரீசார்ஜ், வளையல், கவரிங் எல்லாம் சேத்தேன். உக்கார நேரமில்ல, ஆனா கைல காசு தங்கல. போன ஆவணில கல்யாண பிளவுஸ் நெறைய டைமுக்கு குடுக்க முடியாம திருப்பி அனுப்பிட்டேன். வேலைக்கு வர்ற ரெண்டு பொண்ணுங்களும் ஏனோதானோன்னு இருக்காங்க. எனக்கே இப்ப கடை தெறக்க பிடிக்கல. என்ன பண்றது?
- ஒரு வாசகி

பதில்: வருமானம் பத்தலங்கறீங்க, அடுத்த வரிலயே வந்த பிளவுஸ திருப்பி அனுப்பினேங்கறீங்க. ரெண்டையும் சேத்து ஒரு தடவ படிங்க தங்கச்சி.

பொல்லாப்பு எல்லாம் அந்த ஜெராக்ஸ் மிஷின்தான்னு எனக்கு படுது. கைக்குழி திருப்பிட்டு இருக்கும்போது ஒரு பையன் ஆதார் காப்பிக்கு வருவான், எந்திரிக்கிறீங்க, சில்லற இல்லம்பான், தேடுறீங்க, அதுக்குள்ள ஒருத்தர் ரீசார்ஜ்க்கு வந்துடுவாரு, திரும்பி வந்து உக்காந்தா எங்க விட்டோம்னே தெரியாது, தையல் கோணிக்கும், பிரிச்சு மறுபடி தைக்கணும். ரெண்டு ரூவா காப்பிக்காக அரை மணி நேரம் போச்சு. நாள் பூரா இப்படின்னா யாருக்குத்தான் கடை தெறக்க பிடிக்கும்? ஜூன்ல ஸ்கூல் தெறக்குறப்ப மிஷின வித்துடுங்க, அப்பதான் வாங்க ஆள் இருக்கும். வளையல் கெடக்கட்டும், அது ஒண்ணும் கூப்பிடாது.

நீங்க இருக்குற எடம் என்ன எடம்! 2019ல புவிசார் குறியீடு வாங்கின பட்டு, விசிறி மடிப்புல மடிச்சுக் குடுக்குற சேலை, முகூர்த்தத்துக்குன்னே எங்கெங்கேர்ந்தோ வந்து எடுக்குறாங்க. சேலை எடுத்த கையோட பிளவுஸ் எங்க தைக்கலாம்னு கேப்பாங்க. சேலை கடைக்காரங்க நாலு பேர்கிட்ட சொல்லி வைங்க. பட்டு பிளவுஸ், ஃபால்ஸ், ஆரி வொர்க், அவ்ளோதான் உங்க கடை. ஆரிக்கு பாதி அட்வான்ஸ் வாங்காம ஊசிய தொடாதீங்க, மணி, ஜரின்னு காசு முன்னாடியே போயிடுது. தெரிஞ்சவங்க "நெல்லு காசு வரட்டும்"னா சரிம்மா, ஆனா நோட்ல எழுதி வைங்க.

சொன்ன தேதி ரொம்ப முக்கியம். எங்க வீட்டு கல்யாணத்துல பிளவுஸ் முகூர்த்தத்தன்னிக்கு விடிகாலைலதான் வந்துச்சு, ஹூக் இல்லாம! அந்த டெய்லர் பக்கம் அப்புறம் நாங்க யாரும் போகல. முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடி தேதி போட்டு சுவத்துல ஒரு போர்டு மாட்டுங்க.

பொண்ணுங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஹெம்மிங், ஹூக்குன்னே வருஷக்கணக்கா குடுத்தா யாருக்கும் சலிக்கும். ஆளுக்கு சில பிளவுஸ மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் அவங்களே முடிக்கட்டும், பீஸுக்கு இவ்ளோன்னு பேசிடுங்க, சனிக்கிழம சாயங்காலம் கைல காசு குடுத்துடுங்க. திங்கக்கெழமன்னு இழுக்காதீங்க.

ஆடில முகூர்த்தம் கெடையாது, அப்ப அவங்களுக்கு ஆரி கத்துக் குடுங்க. ஆவணிக்கு கையில ரெண்டு ஆள் ரெடியா இருப்பாங்க.