மைக்கைப் பிடித்ததும் ஏன் நடுங்குகிறது? நாடகப் பயிற்சியாளரின் கேள்வி-பதில்

இருபது வருடமாக வகுப்பில் பேசுகிறேன், பயமே இல்லை. போன மாதம் சக ஆசிரியரின் பணி நிறைவு விழாவில் மைக்கைப் பிடித்ததும் கை நடுங்கி, குரல் கம்மிவிட்டது. ஏன் இப்படி?
- ஆசிரியை, உசிலம்பட்டி

வகுப்பில் உங்கள் கவனம் கடைசி பெஞ்சுப் பையனுக்குப் புரிந்ததா என்பதில் இருக்கிறது. விழா மேடையில் அதே கவனம் உங்கள் மேலேயே திரும்பிவிட்டது: புடவை சரியாக இருக்கிறதா, தலைமையாசிரியர் என்ன நினைப்பார், கை நடுங்குவது தெரிகிறதா. தன்னைத் தானே பார்த்துக்கொண்டு யாராலும் நன்றாகப் பேச முடியாது. நடிகராலும் முடியாது.

ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்க வைத்த கேள்வி, 'இந்தக் காட்சியில் எனக்கு என்ன வேண்டும்?' என்பதுதான். உங்கள் உரைக்கும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். முதல் பத்தி: பழைய மாணவர்களைச் சிரிக்க வைக்கணும். இரண்டாவது: அவர் வீட்டுக்கு நேரம் கழித்துப் போன நாட்களுக்காக அவர் மனைவியிடம் நன்றி சொல்லணும். மூன்றாவது: அவரை வழியனுப்பணும். இரண்டாவது பத்தியை முன்வரிசையில் இருக்கும் அந்த அம்மாவைப் பார்த்தே பேசுங்கள். வேலை ஒன்று கையில் இருந்தால் பயத்துக்கு இடம் குறைந்துவிடும்.

உடம்புக்கும் கொஞ்சம் உதவி வேண்டும். நடுக்கம் அட்ரினலின் செய்கிற வேலை, அதட்டினால் போகாது. மேடை ஏறும் முன் நாலு எண்ணிக்கையில் மூச்சை இழுத்து, ஆறு எண்ணிக்கையில் மெதுவாக விடுங்கள். குறிப்பை மெல்லிய தாளில் எழுதாதீர்கள், சின்ன நடுக்கத்தையும் அது பெரிதாகக் காட்டிவிடும். தடித்த அட்டை நல்லது. அரை மணி முன்னதாகப் போய், காலி மேடையில் நின்று, கடைசி நாற்காலிக்கு ஒரு வரி சொல்லிப் பாருங்கள்.

அண்ணே, குழு விவாதத்தில் நடிப்புப் பயிற்சி எடுத்துப் பேசினால் அது போலியாகத்தானே இருக்கும்? நான் நானாகவே பேச வேண்டாமா?
- பொறியியல் மாணவர், திருமங்கலம்

இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், தம்பி. ஆனால் நடிப்பு என்றால் இல்லாததைக் காட்டுவது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் எங்காவது ஸ்பெஷல் நாடகம் நடந்தால் ஒரு ராத்திரி விழித்திருந்து பாருங்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த மரபு அது. 1918-ல் அவர் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை தொடங்கியதும் இதே மதுரையில்தான். ஸ்பெஷல் நாடகத்தில் ஒரே குழு என்று கிடையாது. முருகன் ஓர் ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார், வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகையும் கிடையாது. அன்று சாயங்காலம் ஒப்பனை போடும் இடத்தில்தான் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி மேடையில் இருவருக்கும் தர்க்கம் நடக்கும்.

பாட்டு தெரிந்த பாட்டு. நடுவில் வரும் பேச்சோ அந்த நேரத்தில் பிறப்பது. வள்ளி எந்தப் பக்கம் மடக்குவார் என்று முருகனுக்குத் தெரியாது. காது கொடுத்துக் கேட்டால்தான் பதில் வரும். தன் வசனத்துக்காக மட்டும் காத்திருப்பவரை விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனம் உடனே கண்டுபிடித்துவிடும். என் கணக்கில் நடிப்பின் முக்கால் பங்கு இந்தக் கேட்பதுதான். அதில் போலி எங்கே இருக்கிறது?

குழு விவாதத்துக்கு நண்பர் ஒருவருடன் இப்படிப் பழகுங்கள்: அவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொன்ன பிறகுதான் நீங்கள் உங்கள் கருத்தைச் சொல்லலாம். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். ஒரு வாரம் விடாதீர்கள்.

சுங்குடிச் சேலை விற்கிறேன். ரீல்ஸ் போடச் சொல்கிறார்கள். கேமராவைப் பார்த்தாலே முகம் இறுகிவிடுகிறது. பர்சனல் பிராண்டிங் வேண்டும் என்கிறார்களே, என்ன செய்வது?
- மதுரை வாசகி

லென்ஸைப் பார்த்துப் பேசாதீர்கள், லென்ஸுக்குப் பின்னால் ஒருவரை உட்கார வையுங்கள். நிஜமாகவே, உங்களுக்குப் பிடித்த வாடிக்கையாளர் ஒருவரை. மேடை நடிகர் கடைசி வரிசைக்குப் பேசுகிறார். கேமராவுக்கு மேஜைக்கு எதிரே இருப்பவரிடம் பேசும் அளவு போதும். அப்புறம், பதிவு பொத்தானை அழுத்தும்போதே கையில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கட்டும். உங்களிடம் அதற்கு அருமையான பொருள் இருக்கிறது: சாயம் தோய்த்த துணியில் ஒரு முடிச்சைப் பிரித்து, உள்ளே இருந்து புள்ளி விரிவதைக் காட்டுங்கள். கை வேலை செய்தால் முகம் தானாக இளகும்.

பிராண்டிங் பற்றி: நாடகத்தில் ஒரு பாத்திரம் 'நான் நல்லவள்' என்று சொல்வதால் நாம் நம்புவதில்லை. திரும்பத் திரும்ப என்ன செய்கிறாள் என்று பார்க்கிறோம். ஒவ்வொரு வீடியோவிலும் சேலையின் ஒரு குறையையும் சொல்லுங்கள். 'முதல் துவைப்பில் சாயம் கொஞ்சம் போகும், தனியாகத் துவைங்க.' பத்து வீடியோவில் உங்களை நம்பலாம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பெயர் அப்படித்தான் உருவாகும்.

சென்னையில் ஐடி வேலை. மீட்டிங்கில் 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று வந்துவிட்டால் சிரிக்கிறார்கள். மதுரைத் தமிழை மாற்ற வேண்டுமா?
- மேலூர்க்காரர்

வேண்டவே வேண்டாம். அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையா இந்த ஊர்ப் பேச்சோடுதான் பட்டிமன்ற மேடைகளில் ஏறினார், உலகத் தமிழர் கேட்டார்கள். நடிகர்கள் இன்னொரு வட்டாரப் பேச்சைக் கூடுதலாகக் கற்கிறார்கள், தங்களுடையதை அழித்துவிட்டு அல்ல.

நீங்கள் மெனக்கெட வேண்டியது தெளிவுக்கு. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு வளையும், ஆனால் அழுந்தாது, வருடிவிட்டுப் போகும். 'வாழைப்பழம்' வாளப்பளம் ஆகாமல் தினம் ஐந்து நிமிடம் நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதீர்கள்.

பேசும்போது கைகளை எங்கே வைப்பது?
- கல்லூரி மாணவி, உத்தங்குடி

தொங்கவிடுங்கள். சொல்ல ஏதாவது இருந்தால் அவை தாமே எழும்.

திருவிழா மேடைகளில் அறிவிப்பாளர். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிடுகிறது.
- அலங்காநல்லூர்

மைக் இருக்கும்போதும் கத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் குரல் உங்களுக்கே கேட்கும்படி ஒரு ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். கட்டிய தொண்டையோடு கிசுகிசுக்காதீர்கள், அதுவும் சிரமம்தான். காலையில் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு, குமிழி வர 'ஊ' என்று மெதுவாக ஊதிக் குரல் கொடுங்கள். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.

எங்கள் மன்றக் கூட்டத்தில் நான் பேசத் தொடங்கும்போது யாருமே கவனிப்பதில்லை. முதல் வரி எப்படி இருக்கணும்?
- ஓய்வு பெற்ற தபால்காரர், வாடிப்பட்டி

ஐயா, ஸ்பெஷல் நாடகத்தில் வரும் கோமாளியை, அதாவது பபூனைப் பாருங்கள். அவர் வரும்போது சனம் இன்னும் பாயை விரித்துக்கொண்டிருக்கும், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். 'அமைதி, அமைதி' என்று அவர் கெஞ்சுவதில்லை. ஆர்மோனியக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்கும் ஆசையிலேயே கூட்டம் திரும்பிவிடும். நீங்களும் 'அவையோர்க்கு வணக்கம்' என்று தொடங்காமல், முன்வரிசையில் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனையோ வருடம் வீடு வீடாகப் போனவர் நீங்கள். 'உங்க வீட்டுக்கு நான் கொண்டு வந்த கடைசிக் கடிதம் எது, ஞாபகம் இருக்கா?' என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் நில்லுங்கள்.