மூக்கு வழியாக இரைப்பைக்குப் பால் செலுத்தும் குழாயோடு வீட்டுக்கு வந்த குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் காற்று அடித்துக் கேட்டால் போதுமா?

போதாது. டிஸ்சார்ஜ் அன்று யாரோ அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: சிரிஞ்சால் காற்றைத் தள்ளு, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வை, சத்தம் வந்தால் பாலை ஊற்று. குழாயின் நுனி மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கலாம். "இத்தனை வருஷம் இப்படித்தான் செய்கிறோம்" என்று சண்டைக்கு வரும் நர்ஸ்களுக்கும் இதுதான் பதில்.

ஒவ்வொரு வேளையும் முதலில் மூக்கு ஓரத்தில் தெரியும் சென்டிமீட்டர் எண்ணைப் பாருங்கள், குழாய் போட்டபோது இருந்ததுதானா என்று. பிறகு சிரிஞ்சால் மெதுவாக அரை மில்லி இரைப்பை நீரை இழுத்து பிஎச் தாளில் (அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் தாள்) விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கொடுக்கலாம். லிட்மஸ் தாள் உதவாது. அமிலம் குறைக்கும் மருந்து ஓடினாலோ சற்றுமுன் பால் கொடுத்திருந்தாலோ எண் கூடும். பால்தான் காரணமென்றால் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா? இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஒன்றிரண்டு மில்லி காற்று விட்டு (சத்தம் கேட்க அல்ல, இரைப்பைச் சுவரில் ஒட்டிய நுனியை விலக்க), கால் மணி கழித்து மறுபடி இழுங்கள். அப்போதும் வராவிட்டால் பால் கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போன். இருமல், நீலம் பாரித்தல், மூச்சிரைப்பு என்றால் உடனே நிறுத்துங்கள். ஆனால் நரம்பு மண்டலப் பாதிப்புள்ள குழந்தை இருமவில்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று நம்பாதீர்கள்; பால் நுரையீரலுக்குப் போனாலும் அது இருமாமலே இருக்கலாம்.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம், முடிந்தபின்னும் அரை மணி அப்படியே. சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, பால் தானாக 20, 30 நிமிடத்தில் இறங்கட்டும்.

குழாய் அடைபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் சரியாகப் பொடியாகாத மாத்திரை. மருந்தைப் பாலில் கலக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்து நடுவில் தண்ணீர் விடுங்கள். அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதய, சிறுநீரக நோயுள்ள குழந்தைகளுக்கு அதுவும் அன்றைய நீர்க் கணக்கில் சேரும். மெதுவாகக் கரையும் மாத்திரையை நுணுக்கவே கூடாது. அடைத்தால் வெதுவெதுப்பான நீரை 50 மில்லி சிரிஞ்சால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். சின்ன சிரிஞ்ச் அழுத்தம் கூடிக் குழாயைக் கிழித்துவிடும்.

கேட்காத ஒன்று: மருந்துச் சீட்டில் இன்னும் "ஒரு ஸ்பூன்" என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? எந்த ஸ்பூன்? மில்லியில் எழுதித் தரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.