அரசுக்கு முந்தி நீங்கள் சாத்திய கதவு

கேள்வி: கொரோனா வந்த பிறகுதான் எனக்கு நாட்டுப்பற்று என்றால் என்னவென்று புரிந்தது. நம் நாட்டை நாம்தான் காப்பாற்ற வேண்டும், வெளியாட்களை நம்பவே கூடாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன் இதை ஏற்க மறுக்கிறான். வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளைப் படிப்பதில்லை, பேசினால் சண்டைதான். 2020இல் அவன் வருகிறேன் என்றபோது, 'நோயைக் கொண்டு வராதே, அங்கேயே இரு' என்று நாட்டு நலனுக்காகச் சொன்னேன். பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்து சரியானது அவன் தங்கை மூலம் தெரிந்தது. அவனுக்குத் தேசப்பற்றை எப்படி ஊட்டுவது?

பதில்: ஐயா, நாட்டைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறீர்கள். மகனின் காய்ச்சலுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் தங்கை சொல்லித்தான் தெரியுமாம். பெற்ற அப்பாவிடம் ஒரு பிள்ளை தன் காய்ச்சலைச் சொல்லவில்லை என்றால், சண்டை வாட்ஸ்அப் செய்தியில் தொடங்கவில்லை.

இந்த மாதிரிக் கடிதங்கள் 2020இலிருந்தே எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. பெருந்தொற்றில் நாட்டுப்பற்று பொங்குவது இயல்புதான், பயந்தவர்கள் ஒன்றுசேர்வார்கள். அதில் நல்லதும் உண்டு. முன்பின் தெரியாதவருக்காக முகக்கவசம் போட்டோம், வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். ஆனால் அதே பயம் பழி போடவும் ஆள் தேடும். 1349 பிப்ரவரியில், இன்றைய பிரான்ஸில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார், கொள்ளைநோயைப் பரப்பியதாகச் சொல்லித் தங்களோடு வாழ்ந்த நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தே கொன்றார்கள். அப்போது நோய் அந்த நகரத்துக்குள் வரக்கூட இல்லை. யூதர்களும்தானே இந்த நோயில் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளெமென்ட் 1348லேயே சொல்லியிருந்தார். யார் கேட்டார்கள்?

நம் காலத்துக்கு வாருங்கள். 2021 நவம்பரில் ஒமைக்ரான் என்ற புதுவகைக் கொரோனாவைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னது தென்னாப்பிரிக்கா. கைமேல் பலனாக அந்த நாட்டு விமானங்களைப் பல நாடுகள் நிறுத்தின. நிறுத்திய நாடுகளில் ஒன்றான நெதர்லாந்தில், அதற்கு முன்பே எடுத்த பரிசோதனை மாதிரிகளில் ஒமைக்ரான் இருந்தது பிறகு தெரியவந்தது. வெளியாள் கொண்டுவருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது.

உங்கள் வீட்டில் வெளியாள் ஆனது யார்? நீங்கள் பெற்ற பிள்ளை. அவன் கையில் இருந்ததும் இதே நாட்டுப் பாஸ்போர்ட்தான். விமானத்தை நிறுத்துவது, எல்லையை மூடுவது எல்லாம் அரசின் வேலை. வரலாமா கூடாதா என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். வா, வந்து 14 நாள் தனி அறையில் இரு, சாப்பாட்டை வாசலில் வைக்கிறேன் என்று ஓர் அப்பா சொல்லியிருக்கலாம். நீங்கள் அரசுக்கு முந்திக்கொண்டு கதவைச் சாத்தினீர்கள். 'பயமாக இருக்கிறது கண்ணா' என்று சொல்லியிருந்தால்கூட அவன் புரிந்துகொண்டிருப்பான், எல்லோரும்தான் பயந்தோம். நீங்கள் உங்கள் பயத்துக்குக் கொடியைப் போர்த்தினீர்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். குடும்பத்தைக் காக்காதவர் நாட்டைக் காக்கக் கிளம்புவதில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை.

இன்னொன்று. வெளியாட்களை நம்பக் கூடாது என்கிறீர்களே, காய்ச்சலில் கிடந்தவனுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது யார்? ராத்திரி மூச்சு வாங்கியபோது யாருக்குப் போன் செய்தான்? பக்கத்து வீட்டுக்காரரா, கூட வேலை பார்ப்பவரா? நீங்கள் தினமும் திட்டி அனுப்புகிறீர்களே, அந்த நாட்டுக்காரராகவே இருக்கலாம். இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. தன்னைப் பார்த்துக்கொண்டவர்களை அப்பா ஏசுவதை அவன் எதற்காக உட்கார்ந்து படிக்க வேண்டும்?

தேசப்பற்றை ஊட்டுவதெல்லாம் இருக்கட்டும். முதலில் அந்தச் செய்திகளை அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். அப்புறம் அவனைக் கூப்பிட்டு, வராதே என்று சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். 'நாட்டு நலன்', 'அன்றைய சூழ்நிலை' என்று எதையும் பின்னால் ஒட்டாதீர்கள். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். கத்தினால் கத்தட்டும், குறுக்கே பேசாதீர்கள். பார்த்துக்கொண்டவரின் நம்பரை அவன் கொடுத்தால் அவருக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். போனையே எடுக்கவில்லை என்றால் மகளைத் தூது அனுப்பாமல் உங்கள் கையால் எழுதுங்கள். பதில் உடனே வராது; வரும்வரை மறுபடியும் எழுதுங்கள்.