அத்தை வாங்கித் தரும் எக்ஸ்பிரஸ் பாஸ்

கேள்வி: நாங்கள் ஜொகூர் மாநிலம் ரெங்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் வசிக்கிறோம். கணவர் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். பத்து வயதில் ஒரு மகன், ஐந்து வயதில் ஒரு மகள். தீபாவளி விடுமுறையில் ஜொகூர் பாருவில் இருக்கும் என் நாத்தனார் குடும்பத்தோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் செல்லவிருக்கிறோம். நாத்தனார் தம் குடும்பத்துக்கு, வரிசையில் நிற்காமல் சவாரிக்குச் செல்லும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குகிறார். எங்கள் நால்வருக்கும் தாமே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கணவரோ, தங்கையிடம் கை நீட்ட மாட்டேன் என்கிறார். மகன், "காசு கொடுத்து மற்றவர்களுக்கு முன்னால் போவது தப்பில்லையா? பழனியில் நாமும் டிக்கெட் வாங்கித்தானே முன்னால் போனோம்?" என்று கேட்கிறான். முழங்கால் வலியுள்ள என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றால் எல்லாரும் தனி வழியில் போய்விடலாம், பாஸே வேண்டாம் என்பது என் கொழுந்தனாரின் யோசனை. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ரெங்கம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நால்வருக்கும் பாஸ் தேவையில்லை. மகனுக்கு மட்டும் அவனுடைய அத்தை வாங்கித் தரட்டும். நீங்களும் கணவரும் மகளும் பாஸ் இல்லாமலேயே அந்த நாளை நன்றாகக் கழிக்க முடியும். கொழுந்தனாரின் யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்.

இந்தப் பாஸ் பூங்காவுக்குள் நுழையும் டிக்கெட் அன்று. அதற்கு மேல், ஒவ்வொருவருக்கும் தனியாக வாங்க வேண்டியது. யுனிவர்சலில் சாதாரண எக்ஸ்பிரஸ் பாஸ் என்றால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு சவாரிக்கும் ஒரே ஒரு முறை விரைவு வரிசையில் செல்லலாம். அன்லிமிடெட் என்ற வகையில் எத்தனை முறை வேண்டுமானாலும் செல்லலாம். விலை எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டம் கூடும் நாள்களில் அதுவும் ஏறிவிடும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் ரிங்கிட் மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் இந்நாளில், நான்கு பேருக்குப் பாஸ் என்பது ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஆகவே, யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பாஸினால் உங்களுக்கு எவ்வளவு பயன் என்பதைப் பார்த்துவிடுவோம்.

இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் பணத்தை இழக்கிறார்கள். நீண்ட வரிசை பெரும்பாலும் பெரிய சவாரிகளில்தான் உருவாகிறது. அந்தச் சவாரிகள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற ரோலர் கோஸ்டரில் ஏற 125 சென்டிமீட்டர் வேண்டும். ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மிக்கு 122. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102, ஆனால் 122-ஐ எட்டாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உடன் ஏற வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலர் 110 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருப்பார்கள். அப்படியானால், உங்கள் மகளுக்கு வாங்கும் பாஸில் உள்ள பெரிய சவாரிகளில் சில அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பும் சவாரிகளாக இருக்கும். மிச்சம் இருப்பவற்றில் சிறுவர் ராட்டினங்கள் போன்றவற்றுக்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது. 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் பகுதி ஒன்றுதான் சிறு பிள்ளைகளுக்கும் பிடித்தது, கூட்டமும் கூடுவது. கதவு திறந்ததும் நேராக அங்கே போய்விட்டால் அதற்கும் பாஸ் வேண்டியதில்லை. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பிள்ளைகளையும் செருப்பில்லாமல் சுவரோடு சேர்த்து நிறுத்தி அளந்துவிடுங்கள். பூங்கா வாசலில் அளவுகோலுக்குக் கீழே ஒரு விரல் குறைந்து நின்று அழும் பிள்ளையைத் தேற்றுவது எந்தப் பாஸாலும் முடியாது.

மகன் கதை வேறு. பத்து வயதில் அவன் 125-ஐத் தாண்டியிருந்தால் எல்லாப் பெரிய சவாரிகளும் அவனுக்குத் திறந்திருக்கும். அத்தை பிள்ளைகள் விரைவு வரிசையில் போய், முடித்து, அடுத்ததற்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் மட்டும் உங்களோடு பொது வரிசையில் நின்றால், அன்று அவர்களை அவன் சாப்பாட்டு மேசையில்தான் பார்க்க முடியும். அவன் ஆசைப்படுவது அவர்களோடு சேர்ந்து ஏறத்தான் என்றால், அந்த ஒரு பாஸுக்குப் பொருள் இருக்கிறது. "அண்ணன் மட்டும் ஏன் அங்கே போகிறான்?" என்று சின்னவள் கேட்பாள். அவள் ஏற முடியாத சவாரிகளுக்குத்தான் அவன் போகிறான் என்ற உண்மையையே சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு உயரக் கணக்கு நன்றாகவே புரியும்.

நீங்களும் கணவரும் பெரிய சவாரி ஒன்றில் ஏற விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் ஆளை மாற்றிக்கொள்ளும் வசதியைச் சவாரி வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேட்டுப் பெறலாம். இதற்குக் கட்டணம் இல்லை. கேட்காதவர்களுக்குக் கிடைப்பதும் இல்லை.

பாஸின் பயன் நாளைப் பொறுத்தும் மாறும். தீபாவளி சிங்கப்பூரிலும் பொது விடுமுறை. அன்றும் அதை ஒட்டி வரும் சனி, ஞாயிறிலும் பூங்கா நிரம்பி வழியும். ஆனால் நம் பள்ளிகள் தீபாவளிக்கு விடும் கூடுதல் நாள்கள் அங்கே வேலை நாள்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பாஸ் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் மாத விடுமுறையையும், நவம்பர் பிற்பகுதியில் தொடங்கும் ஆண்டிறுதி விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். முன்பு ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது: வெள்ளிக்கிழமை நமக்கு வார விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள். 2025 ஜனவரி முதல் நம் மாநிலத்துக்கும் சனி, ஞாயிறே வார விடுமுறை என்றானபின் அந்தச் சலுகை போய்விட்டது. வேலை நாளில் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. விடியுமுன்னரே வேலைக்குக் கிளம்பும் நம்மவர்களின் மோட்டார் சைக்கிள்களாலும் பேருந்துகளாலும் ஜொகூர் பாருப் பாலம் அடைத்துக்கொள்ளும். அதில் சிக்கி நண்பகலுக்கு உள்ளே போனால், கூட்டம் குறைவான காலைப் பொழுது முழுவதும் வீணாகிவிடும். முந்தைய இரவே நாத்தனார் வீட்டில் தங்கிக்கொண்டு, நெரிசலுக்கு முன்பே கடந்துவிடுவதுதான் நல்லது. காரில் போவதானால் துவாஸ் வழியாகச் செல்லும் இரண்டாவது பாலத்தையும் எண்ணிப் பாருங்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், கையில் எந்தப் பாஸ் இருந்தாலும் சரி. இதனாலும் காலை நேரமே முக்கியம்.

இனி உங்கள் மகனின் கேள்வி. அது நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். நான்காம் ஆண்டு கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்கிவிடலாம். ஒரு சவாரியில் இரண்டு நிமிடத்துக்கு இருபது பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரத்தில் 600 பேர். அவனுக்கு முன்னால் 300 பேர் நின்றால் அரை மணி நேரத்தில் அவன் முறை வரும். அந்த இருக்கைகளில் பாதியை விரைவு வரிசைக்கு ஒதுக்கிவிட்டால், பொது வரிசையில் மணிக்கு 300 பேர்தான் ஏறுவார்கள். அதே இடத்தில் நிற்பவன் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பாஸ் புதிதாக ஓர் இருக்கையையும் உண்டாக்குவதில்லை; ஒருவருக்கு மிச்சமாகும் நேரத்தை மற்றவர்கள் நின்று கழிக்கிறார்கள். இதை அவன் தெரிந்துகொண்டு பாஸைக் கையில் வாங்குவதே சரி.

அப்படியானால் அது தவறா என்று கேட்பான். என் கருத்தில் தவறில்லை. ஆனால் அழகும் இல்லை. சவாரி என்பது விற்பனைக்கு வைத்த ஒரு பொழுதுபோக்கு. விலையும் விதியும் எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. யாரும் அதனால் உண்ணாமலோ மருந்தில்லாமலோ போவதில்லை. டிஸ்னி நிறுவனம் 1999-இல், முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு பிறகு வந்து விரைவு வரிசையில் ஏறும் பாஸ்ட்பாஸ் முறையைத் தொடங்கியபோது அது டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் இலவசமாகவே இருந்தது. 2021-இல் அமெரிக்கப் பூங்காக்களில் அதைக் கைவிட்டுக் கட்டண முறையைக் கொண்டுவந்தார்கள். இலவசமாக இருந்தபோது சுறுசுறுப்பானவர் முன்னால் போனார், இப்போது பணமுள்ளவர் போகிறார். எனக்கு முந்தையது மேல் என்று தோன்றுகிறது, ஆனால் பூங்கா என்னைக் கேட்டு விதி வகுப்பதில்லை. பழனியைப் பொறுத்தவரை உங்கள் மகன் கெட்டிக்காரன். விற்பனைப் பொருளாக இல்லாத ஒன்றைக் காண முன்னால் போனதற்குத்தான் நீங்கள் அவனுக்குக் கூடுதல் விளக்கம் தர வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே தவறானது வேறொன்று. அதை நம் கூட்டங்களில் அடிக்கடி பார்க்கலாம். ஒரு சிறுவனை வரிசையில் நிறுத்திவிட்டு, அவன் முறை நெருங்கும்போது குடும்பமே கயிற்றுக்குக் கீழே குனிந்து புகுந்து சேர்ந்துகொள்வது. அதற்கு விலையும் கிடையாது, விதியும் கிடையாது. பாஸ் வாங்குகிறவரைக் குறை சொல்லும் நாம் இதைச் சாமர்த்தியம் என்கிறோம். பாஸ் இல்லாத நீங்கள் மூவரும் எந்த வரிசையிலும் முதலிலிருந்தே ஒன்றாக நில்லுங்கள். கழிவறைக்குப் போவதை வரிசைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலி யோசனையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 2013-இல் அமெரிக்காவில், வசதி படைத்த சில குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி, அவர்களைக் காட்டி டிஸ்னி பூங்காவில் வரிசையைத் தாண்டியதாகச் செய்தி வெளியானது. அவ்வாண்டே டிஸ்னி, உடனே உள்ளே விடும் முறையை நிறுத்தி, பொது வரிசையின் காத்திருப்பு நேரத்தை ஒட்டி ஒரு நேரம் குறித்துக் கொடுத்து, அப்போது திரும்பி வரச் சொல்லும் முறைக்கு மாறியது. சிலர் செய்த தந்திரத்தினால், உண்மையாகவே நிற்க முடியாத பிள்ளைகளின் பெற்றோர் கூடுதல் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலிக்கிறது என்றால் நாற்காலி எடுங்கள். அது அவருடைய வசதிக்காக. வெயிலில் ஒவ்வொரு சவாரி வாசலுக்கும் தள்ளிக்கொண்டு போய்ப் பேரப்பிள்ளைகளுக்கு அனுமதிச் சீட்டாக அவரைக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வாட்டர்வேர்ல்டு போன்ற உட்கார்ந்து பார்க்கும் காட்சிகளுக்கு அவரையும் சின்னவளையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். இருவருக்கும் அது பிடிக்கும்.

கடைசியாக உங்கள் கணவர். நான்கு பாஸையும் தங்கை வாங்கித் தருவதை அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நாள் முழுவதும் யார் காசில் நடக்கிறோம் என்ற நினைப்போடு அவர் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் மருமகனுக்கு அத்தை தீபாவளிக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் யாரும் புருவம் உயர்த்தாத வழக்கம். மற்ற மூன்றையும் வேண்டாம் என்று சொல்லும்போது, கட்டுப்படியாகாது என்றோ வீம்பாகவோ சொல்லாமல், சின்னவளின் உயரத்துக்கு அவை பயன்படா என்று சொன்னால் நாத்தனாருக்கும் மனம் நோகாது, அதுதான் உண்மையும்கூட. அன்றைய மதியச் சாப்பாட்டை இரு குடும்பத்துக்கும் சேர்த்து உங்கள் கணவர் வாங்கட்டும். பூங்காவுக்குள் அதுவும் சிறிய செலவு அன்று. மகன் அத்தையோடு போவதற்கு முன், எந்த நேரத்தில், எந்த இடத்தில் சந்திப்பது என்பதை அவனிடமும் அத்தையிடமும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பாஸுக்கு நாள் குறிக்க வேண்டும். கூட்டமான நாள்களில் விற்றுத் தீர்ந்தும் போகும். நாத்தனார் ஏற்கெனவே நாளை முடிவு செய்திருக்கிறாரா என்பதை இந்த வாரமே கேளுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரக் கடைசியை அவர் குறித்திருந்தால், பணம் கட்டும் முன்பு அதை வேலை நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள்.