ஃபைல் உருவாகிறது, உள்ளே ஒன்றுமே இல்லை
ஜாவாவில் ஃபைலுக்கு எழுதினால் ஃபைல் உருவாகிறது, எர்ரரும் வரவில்லை, திறந்து பார்த்தால் 0 பைட் என்கிறீர்கள். நீங்கள் போட்ட கோடில், எழுத்துகளைச் சேர்த்துவைத்து எழுதும் பஃபர்டுரைட்டரை (BufferedWriter) எங்கேயும் குளோஸ் செய்யவே இல்லை, அதுதான் விஷயம். ரைட் என்று கூப்பிட்டதும் எழுத்துகள் நேரே டிஸ்குக்குப் போய்விடாது. முதலில் மெமரியில் ஒரு பஃபரில் (தற்காலிக இடத்தில்) சேரும், அது நிரம்பினாலோ, நீங்கள் ஃப்ளஷ் (சேர்ந்ததை உடனே அனுப்புவது) அல்லது குளோஸ் கூப்பிட்டாலோதான் ஃபைலுக்கு இறங்கும். பஃபர் வழக்கமாக 8192 எழுத்து பிடிக்கும், நீங்கள் எழுதுவதோ நாலு வரி, பின்னே எப்படி நிரம்பும்?

கடைசியில் ஒரு குளோஸ் போட்டாலும் ஓடும்தான், ஆனால் நடுவில் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வந்தால் அந்த வரிக்கே போகாது. அதனால் ட்ரை (try) என்ற சொல்லுக்கு அடுத்த அடைப்புக்குறிக்குள்ளேயே ரைட்டரை உருவாக்குங்கள், பிளாக் முடிந்ததும் அதுவே மூடிவிடும், ஜாவா 7-இலிருந்தே இந்த வசதி உண்டு. (நானும் இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன்தான்.)

அப்புறம், இது சரியானதும் ‘பழைய வரியெல்லாம் போச்சு’ என்று அடுத்த கேள்வியோடு வருவீர்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃபைலைத் திறக்கும் ஃபைல்ரைட்டருக்குக் (FileWriter) கடைசி மதிப்பாக ட்ரூ (true) கொடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இருந்ததை அழித்துவிட்டுத்தான் தொடங்கும். தமிழ் எழுத்து கேள்விக்குறியாக வந்தால் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். ஜாவா 18-இலிருந்துதான் அது தானாக வருகிறது.